ஈஜோக்கில் ஓட்ஸ் விளையுமா, மாமா?

கிள்ளானில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு ஈஜோக் பக்கம் மூன்று ஏக்கர் நிலம் உண்டு. தாத்தா காலத்தில் பால் மரம், அப்புறம் செம்பனை. மரங்களுக்கு முப்பது வயசு நெருங்கிவிட்டது. மாமாவுக்குக் கொலஸ்ட்ரால் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் தினமும் ஓட்ஸ் கஞ்சிதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் யூடியூப்பில் விவசாயம்தான். இந்த இரண்டும் சேர்ந்து ஒருநாள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வந்து விழுந்தது.

"ஏம்மா, இந்தச் செம்பனையை எல்லாம் சாய்ச்சுட்டு ஓட்ஸ் போட்டா என்ன? கடையில கிலோ பத்துப் பன்னெண்டு வெள்ளிக்கு விக்கிறான். ஏக்கருக்கு ஒரு டன் வந்தாகூடப் போதும். கணக்குப் போட்டுப் பாரு. நீதான் நெட்ல எல்லாம் தேடுவியே."

கணக்குப் போட்டால் மூன்று ஏக்கரில் முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல் வருகிறது. காகிதத்தில் எதுதான் விளையாது?

சுருக்கமான பதிலை அன்றைக்கே சொல்லிவிட்டேன்: விளையாது மாமா. ஓட்ஸ் குளிர்ப் பயிர். 15, 20 டிகிரியில் சுகமாக வளரும். நம் ஊரில் நடுராத்திரியில்கூட 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகல் நீண்டுகொண்டே போனால்தான் அது கதிர் தள்ளும். நமக்கோ வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம். விதைத்தால் தழை வரும், கதிர் வருவது சந்தேகம். அப்படியே வந்தாலும் இந்த ஈரக்காற்றில் இலையில் துரு நோய் பிடித்துவிடும். இந்தியாவிலேயே பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் பக்கம் குளிர்காலத்தில்தான் ஓட்ஸ் போடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் மாட்டுத் தீவனமாக.

மாமா விடவில்லை. "சரி, விளையுற ஊர்லயாவது அவனுங்க நல்லா சம்பாதிக்கிறானுங்களா?"

இந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது.

முதலில் அந்தப் பன்னிரண்டு வெள்ளியைப் பார்த்துவிடலாம். உலகச் சந்தையில் ஓட்ஸ் விலையைச் சிகாகோவில் புஷல் கணக்கில் பேசுகிறார்கள். ஒரு புஷல் ஓட்ஸ் 32 பவுண்டு, அதாவது பதினாலரைக் கிலோ. புஷல் மூன்றரை அமெரிக்க டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவுக்கு நம் காசில் ஏறக்குறைய ஒரு வெள்ளி. விவசாயியின் கைக்கு வருவது அந்த ஒரு வெள்ளிதான், அதிலும் லோரிக் கூலி, கப்பல் கூலி எல்லாம் கழித்துக்கொண்டு. மீதிப் பத்து வெள்ளிக்கும் மேலே வேறு யாருக்கோ.

அந்த வேறு யாரோ சும்மா வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஓட்ஸ் மணி நெல் மாதிரி உமிக்குள் இருக்கிறது. எடையில் கால் பங்குக்கும் மேலே உமியாகவே போய்விடும். உமியை நீக்கினால் அடுத்த தலைவலி. மற்ற தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். உமி போன மணியை அப்படியே வைத்தால் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடித்துக் கசந்துபோகும். அதனால் ஆலையில் ஆவியில் வேகவைத்து, சூடேற்றி உலர்த்தி, அப்புறம்தான் உருளையில் கொடுத்து அவல் மாதிரித் தட்டையாக்குகிறார்கள். நாம் சாப்பிடுவது ஏற்கெனவே பாதி வெந்த ஓட்ஸ். மலேசியாவில் இந்த வேலையைச் செய்யும் ஆலை ஒன்று பட்டர்வொர்த்தில் இருக்கிறது, கேப்டன் ஓட்ஸ் அங்கேதான் உருவாகிறது. மாமா மூன்று ஏக்கரில் அறுத்துக்கொண்டு போய் இப்படிப்பட்ட ஆலை வாசலில் நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் கற்பனைக்கே விட்டேன்.

அறுவடைக்கு வருகிறேன். என் அத்தை மகன் ஒருவன் மேற்கு ஆஸ்திரேலியாவில், நாரோஜின் என்ற சின்ன ஊர்ப் பக்கம், அறுவடைக் காலத்தில் தானியக் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்திருக்கிறான். அந்த மாநிலத்தில் தானியம் வாங்கிச் சேமிப்பது பெரும்பாலும் சிபிஎச் என்கிற விவசாயிகள் கூட்டுறவு. 1933-இல் தொடங்கியது, விவசாயிகளே சொந்தக்காரர்கள். அறுவடை வந்தால் தற்காலிகமாக ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்கள். இவன் வேலை, வரிசையில் நிற்கும் லோரி மேல் குழாயை இறக்கித் தானியத்தை உறிஞ்சி எடுத்துச் சோதிப்பது. "விவசாயி என் மூஞ்சையே பாத்துக்கிட்டு நிப்பான்லா. ஸ்கூல்ல ரிசல்ட் வர்ற மாதிரி" என்றான்.

என்ன சோதிப்பாய் என்று கேட்டேன். முதலில் ஈரப்பதம்: 12.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லோரியைத் திருப்பிவிட வேண்டும். அப்புறம் கனம். நூறு லிட்டர் கொள்ளும் இடத்தில் ஓட்ஸ் குறைந்தது 51 கிலோ நிற்க வேண்டும், அப்போதுதான் முதல் தரம். நல்ல கோதுமை அதே இடத்தில் 76 கிலோ. பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து ஒல்லி மணி எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. கடைசியில் நிறம். ஆலைக்காரனுக்கு வெளேரென்று கொழுத்த மணி வேண்டும். கதிர் முற்றிய பிறகு மழை பட்டால் உமி கறுத்துவிடும். சத்து குறையாது, ருசியும் பெரிதாகப் போகாது, விலை மட்டும் போய்விடும். உணவுத் தரத்தில் போக வேண்டியது குதிரைத் தீவனமாகப் போகும்.

கனம் குறைவு என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓட்ஸ் ஏற்றும்போது லோரியில் இடம் நிறைந்துவிடும், எடை நிறையாது. கிடங்கிலும் அப்படித்தான். அதே டீசல், அதே டிரைவர், கோதுமையில் மூன்றில் இரண்டு பங்கு எடை. இந்த நஷ்டத்தை யாரும் விதைக்கும்போது எழுதி வைப்பதில்லை.

அங்கே ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விதைக்கிறார்கள், நவம்பர் டிசம்பரில் அறுக்கிறார்கள். கோடையில் மழை மிகக் குறைவு, ஆகவே வருஷத்துக்கு ஒரே போகம். வில்லியம்ஸ், கோஜொனப், வாண்டரிங் என்று ஓட்ஸ் ரகங்களுக்கு அந்தப் பகுதி ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். மண் கொஞ்சம் புளிப்பாக இருந்தாலும், தண்ணீர் தேங்கினாலும் மற்ற தானியங்களைவிட ஓட்ஸ் தாங்கும். கோதுமையின் வேரை அழுக வைக்கும் ஒரு பூஞ்சை நோய் ஓட்ஸில் அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் கோதுமைக்கு நடுவில் ஒரு வருஷம் ஓட்ஸ் போட்டால் நிலம் ஆறும். உரச் செலவும் குறைவு. இதெல்லாம் நல்ல பக்கம்.

கெட்ட பக்கம் களை. காட்டு ஓட்ஸ் என்று ஒரு களை இருக்கிறது, இதன் பங்காளி. கோதுமை வயலில் அதைக் கொல்ல மருந்து உண்டு. ஓட்ஸ் வயலில் அடித்தால் இரண்டும் சேர்ந்து சாகும். ஆகவே விதைக்கும் முன்பே நிலம் சுத்தமாக இருந்தாக வேண்டும், நடுவில் வழி கிடையாது. அறுவடைக்கு முன் கிளைஃபோசேட் அடித்துப் பயிரைச் சீராகக் காயவைக்கும் பழக்கமும் சில நாடுகளில் இருந்தது. 2015-இல் கிரெய்ன் மில்லர்ஸ் என்ற வட அமெரிக்க நிறுவனம் கனடா விவசாயிகளிடம் அப்படி அடித்த ஓட்ஸை வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. சொன்னது சரிதான் என்பது என் கட்சி. கஞ்சி குடிப்பவள் நான்தானே.

அறுவடையில் என்ன கஷ்டம் என்றால், ஓட்ஸ் ஒரே சமயத்தில் பழுக்காது. கதிரின் நுனியில் தொங்கும் மணிகள் முதலில் முற்றும், அடியில் இருப்பவை அப்போதும் பச்சையாகவே இருக்கும். அடி மணிக்காகக் காத்திருந்தால் நுனி மணி உதிரும். நுனி மணிக்காக அவசரப்பட்டால் அடி மணி ஈரத்தோடு வந்து லோரி திரும்பிப் போகும். நுனி மணிதான் கனமானது என்பது கூடுதல் எரிச்சல். இதற்கிடையே ஒரு காற்று அடித்தால் தாள் சாய்ந்து படுத்துவிடும், தழைச்சத்து உரம் அதிகமாகப் போட்டிருந்தால் நிச்சயமாக. படுத்த பயிரை அறுக்கும் மெஷினின் கத்தியைத் தரையோடு ஒட்டி ஓட்ட வேண்டும், கல்லும் மண்ணும் கூடவே வரும்.

இதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மணியில் ஈரம் முப்பது, முப்பத்தைந்து சதவீதம் இருக்கும்போதே தாளோடு அறுத்து வரிசை வரிசையாகக் கிடத்திவிடுவது. அடித்தட்டை ஒரு சாணுக்கு நிற்கும், அதன் மேல் அறுத்த கதிர் கிடக்கும், கீழே காற்றோடும். ஒரு வாரம் பத்து நாளில் எல்லா மணியும் சமமாகக் காய்ந்ததும் வேறொரு மெஷின் வந்து அள்ளிக்கொண்டு கதிரடிக்கும். காற்றில் உதிரும் பயம் போயிற்று. ஆனால் கிடத்திய பிறகு மழை பெய்தால், அடியோடு நனைந்து, வரிசையிலேயே முளைவிடும். ஒரு பயத்தை விற்று இன்னொரு பயத்தை வாங்கும் வியாபாரம்.

மெஷினுக்குள்ளும் நிம்மதி இல்லை. உருளை வேகமாகச் சுற்றினால் மணியின் உமி அங்கேயே உரிந்துவிடும். உரிந்த மணி சிக்குப் பிடிக்கும் என்று சொன்னேன் அல்லவா, ஆலைக்காரன் அதைக் குறை என்று எழுதுவான். மெதுவாகச் சுற்றினால் மணி கதிரிலேயே தங்கிப் பின்னால் போகும். தூற்றும் காற்றை அதிகம் வைத்தால் ஓட்ஸின் லேசான உடம்பு பதரோடு சேர்ந்து பறந்துவிடும். எவ்வளவு பறந்தது என்று எப்படித் தெரியும்? மெஷின் போன பிறகு இறங்கித் தரையில் எண்ணுவதுதான் வழி. ஆயிரம் மணி ஏறக்குறைய 35 கிராம். ஒரு சதுர மீட்டரில் 100 மணி கிடந்தால் ஒரு ஹெக்டருக்கு 35 கிலோ போச்சு. 300 கிடந்தால் நூறு கிலோவுக்கு மேல். அங்கே ஒரு விவசாயிக்குப் பல ஆயிரம் ஏக்கர். சட்டைப் பையில் ஓட்டை வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி.

சாயந்திரம் பனி இறங்கினால் ஓட்ஸ் தாள் கயிறாக முறுக்கிக்கொள்ளும், மெஷின் அடைக்கும். பகலில் சூடும் காற்றும் அதிகமாக இருந்தால் உள்ளூர் ஆட்சிமன்றம் அன்றைக்கு அறுவடைக்கே தடை போட்டுவிடும். இஞ்சின் சூட்டில் தூசும் சருகும் பற்றி எரிந்து வயல் வயலாகப் போன கதைகள் அங்கே நிறைய. ஆக, பனி காய்ந்த பிறகு, சூடு ஏறுவதற்கு முன், தடை இல்லாத நாளில், லோரி கிடைக்கும்போது. இதற்குள் கோதுமையும் கனோலாவும் வேறு பழுத்து நிற்கும். இருக்கும் ஒரு மெஷினை எந்த வயலுக்கு முதலில் அனுப்புவது? விலை அதிகமுள்ள பயிர் முந்தும், ஓட்ஸ் காத்திருக்கும். காத்திருந்தால் உதிரும் பயிரைத்தான் பெரும்பாலும் காக்க வைக்கிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பாட்டியின் பால் வெட்டு. நான் இப்போது குடியிருக்கும் ஷா ஆலமே சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல் கட்டிய நகரம்தான். பாட்டி வேலை செய்தது வேறு தோட்டம் என்றாலும் சட்டம் ஒன்றுதான்: காலையில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டினால் பால் கோப்பையில் இறங்காமல் பட்டையோடு வழிந்து போகும். கூலி போச்சு. ஆனால் போனது ஒரு நாள் கூலி. மரம் அப்படியே நிற்கிறது, நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம்.

செம்பனையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று. ஆள் வரவில்லை, வெள்ளம் வந்தது, ஒரு சுற்று தவறியது என்றால் குலை கனிந்து உதிரும், ஆலையில் விலை குறைப்பான். மாசத்தில் பாதி அடி வாங்கும். அடுத்த சுற்றில் எழுந்துகொள்ளலாம். சிகிஞ்சான் நெல்லுக்குப் போனால் வருஷத்துக்கு இரண்டு போகம், தவறினால் அரை வருஷம். ஓட்ஸ்காரனுக்கு ஒரு வாரம் தவறினால் முழு வருஷம். மரத்தில் இருந்த வருமானத்தை விட்டுவிட்டுக் கதிரில் இருக்கும் வருமானத்துக்குப் போவதன் அர்த்தம் இதுதான் என்று மாமாவிடம் சொன்னேன். லாபம் எவ்வளவு என்பதைவிட, அந்த லாபம் வருஷத்தில் எத்தனை நாளைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது என்று பார்க்கணும். கையில் சேமிப்பும் கிடங்கும் சொந்த மெஷினும் உள்ளவன் அந்த ஒடுக்கத்தைத் தாங்குவான். புது மெஷின் ஒன்று ஒரு மில்லியன் ஆஸ்திரேலிய டாலரை நெருங்குகிறது.

சிகிஞ்சானை ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டேன், அது நியாயமில்லை. ஷா ஆலத்திலிருந்து காப்பார், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகப் போனால் நமக்குக் கிட்டத்தில் இருக்கும் கதிர் அறுவடை அதுதான். சுற்றுலாக்காரர்கள் பச்சை வயலைப் படம் எடுக்கப் போகிறார்கள். நான் அறுப்பு நேரத்தில் போவேன். நெல்லை இருபது சதவீதத்துக்கும் மேல் ஈரத்தோடே அறுத்து, லோரியில் கொட்டி, நேராக ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். காயவைப்பது ஆலையின் வேலை. அதற்குப் பதிலாக ஈரத்துக்கும் தூசுக்கும் பதருக்கும் சேர்த்து எடையில் ஒரு கழிவு போடுவார்கள். 'போத்தோங்கான்' என்று நெல்காரர்கள் மலாயில் சொல்லும் அந்தக் கழிவுதான் அங்கே டீக்கடைப் பேச்சில் பாதி. மெஷினும் பெரும்பாலும் வாடகை மெஷின், மழை பெய்து வயல் சேறாகிவிட்டால் அதன் கனத்துக்குச் சக்கரம் புதைந்து பெரும் பள்ளம் விழும். அடுத்த போகத்தில் தண்ணீர் சமமாக நிற்காது.

நெல்லுக்காவது அரசாங்கம் ஒரு தரை விலை வைத்திருக்கிறது. பல வருஷம் டன்னுக்கு 1,200 வெள்ளி, பிறகு 1,300. 2025 ஜனவரியில் விவசாயிகள் புத்ராஜெயாவுக்குப் போய் 1,800 கேட்டார்கள், 1,500 கிடைத்தது. போதுமா என்பது வேறு விஷயம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஓட்ஸுக்கு அப்படி யாரும் தரை போட்டுக் கொடுக்கவில்லை.

கனடாவைப் பாருங்கள், ஓட்ஸ் ஏற்றுமதியில் முதலிடம். 2020-இல் விளைச்சல் 4.6 மில்லியன் டன். 2021-இல் கடும் வறட்சி, 2.8-க்கு இறங்கியது. விலை சிகாகோவில் வரலாறு காணாத உயரத்துக்குப் போய், 2022 தொடக்கத்தில் புஷல் எட்டு டாலரை எட்டிப் பார்த்தது. உடனே எல்லாரும் ஓட்ஸ் விதைத்தார்கள். அந்த வருஷம் 5.2 மில்லியன் டன், விலை பாதிக்கும் கீழே. மனம் வெறுத்து 2023-இல் நிலத்தைக் குறைத்தார்கள், 2.6 மில்லியன். நல்ல விலையைப் பார்த்து விதைத்தவன் அறுக்கும்போது கெட்ட விலையில் நின்றான். மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோக்களில் பாதி 2022-இல் எடுத்தவை, தேதி பார்த்துச் சொன்னேன்.

அப்படியானால் யார்தான் சம்பாதிக்கிறார்கள்? தானியமாகவே விற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதவர்கள் கொஞ்சம் நன்றாக இருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் மணி பால் கட்டும் முன்பே பயிரை வெட்டிக் காயவைத்து வைக்கோல் கட்டாக ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் சீனாவுக்கும் பால் மாட்டுக்கு அனுப்புகிறார்கள். வசந்தத்தில் உறைபனி விழுந்து கதிர் கருகினாலும் வைக்கோலாக விற்றுவிடலாம், கையில் இரண்டாவது சீட்டு. அந்தச் சீட்டும் 2021-இல் கிழிந்தது: சீனா பல ஏற்றுமதியாளர்களின் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது, 2023-இல்தான் வழி திறந்தது. வெட்டிப்போட்ட வைக்கோலில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் மாமாவுக்குச் சொல்லி முடிக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போயிற்று. அத்தை நடுநடுவே தேநீரோடு வந்து, "இன்னும் அந்த ஓட்ஸ்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் மாமா உண்மையான காரணத்தைச் சொன்னார்.

"மரமெல்லாம் ரொம்ப உயரமா போயிருச்சும்மா. கம்பு எட்ட மாட்டேங்குது. வெட்டுறதுக்கு ஆள் கிடைக்கல. வர்றவனும் கூலி கூடக் கேக்குறான். பழம் மேலேயே அழுகுது."

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சிகாகோ வரை போயிருக்க மாட்டேன். கொரோனா காலத்தில் எல்லை மூடி வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வராமல் போனபோது பெரிய தோட்டங்களே குலை வெட்ட ஆளில்லாமல் தவித்தன. மூன்று ஏக்கர்காரனுக்கு இன்னும் கஷ்டம். பயிர் விளைகிறது, எடுக்க ஆளில்லை. மாமா தேடியது ஓட்ஸை அல்ல, மெஷின் வந்து தானே அறுத்துக்கொண்டு போகும் ஏதோ ஒரு பயிரை.

அவருக்கு நான் சொன்னது இதுதான். அந்த வயசு மரத்தை எப்படியும் சாய்த்தாக வேண்டும். ஒரேயடியாகச் சாய்த்தால் புதுக் கன்று காய்க்க மூன்று வருஷம் வருமானம் இல்லை. ஆகவே முதலில் ஒரு ஏக்கர், ஆள் எட்டாத மரம் அதிகமுள்ள பக்கமாகப் பார்த்து. கன்று சின்னதாக இருக்கும்வரை நடுவில் வாழையோ மரவள்ளியோ போடலாம், அதற்குக் கோல சிலாங்கூரிலேயே வாங்க ஆள் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்தால் ஒரே வெட்டு ஆளைச் சுற்றுக்கு அழைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக அழைத்தால் எவனும் மூன்று ஏக்கருக்காக மோட்டார் சைக்கிளைக் கிளப்பமாட்டான்.

மாமா கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் மறுபடி குரல் செய்தி: "வாழை சரிம்மா. கினோவான்னு ஒண்ணு சொல்றானே, அது கிலோ என்ன விலை?"